எடை குறைப்பு கேப்ஸ்யூல்: விழுங்கும் முன் டப்பாவைப் படிப்பது எப்படி

இரவு பத்தரை மணிக்குத் தங்கை போன் செய்தாள். "அக்கா, சும்மாதான் உட்கார்ந்திருக்கேன், நெஞ்சு படபடன்னு அடிக்குது." நாடியை எண்ணச் சொன்னேன். நிமிடத்துக்கு 128. காய்ச்சலும் இல்லை. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான், எடை குறைய நான்கு நாளாக ஏதோ கேப்ஸ்யூல் போடுகிறாள் என்று தெரிந்தது. நான் மருந்தாளுநர். என்னிடம்கூட அவள் கேட்கவில்லை. "மூலிகைதானேக்கா" என்றாள். அவசர சிகிச்சைப் பிரிவில் ஈசிஜி எடுத்து, விடியும் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். மறுநாள் அந்த டப்பாவை அவளோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். அப்படித்தான் நீங்களும் படிக்க வேண்டும்.

முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். பின்பக்கத்தில் முதலில் 'ஒரு வேளைக்கு எத்தனை' என்று பாருங்கள். அவள் டப்பாவில் ஒரு வேளை என்றால் இரண்டு கேப்ஸ்யூல், அதில் காஃபின் 200 மில்லிகிராம். தினம் இரண்டு வேளை போட்டாள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே நாளுக்குச் சுமார் 400 மில்லிகிராம்தான் எல்லை, கர்ப்பிணிகளுக்கு 200. அவள் குடித்த மூன்று காபியை இன்னும் கூட்டவே இல்லை. போதாததற்கு அதே பட்டியலில் குவாரனா என்று தனியாக இருந்தது. அதுவும் காஃபின்தான். யெர்பா மாட்டே, கோலா நட், கிரீன் டீ சாறு எல்லாம் அதே கணக்கில் சேரும். பேனா எடுத்துக் கூட்டுங்கள். உள்ளே போன காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம். மாலையில் போட்டது நள்ளிரவிலும் வேலை செய்வது இதனால்தான்.

அடுத்து, அட்ரினலினைப் போல (பயத்தில் உடல் சுரந்து இதயத்தை விரட்டும் ஹார்மோன்) வேலை செய்யும் பொருள்களைத் தேடுங்கள். எபெட்ரின் என்ற ஊக்கிப் பொருள் உள்ள எபெட்ரா மூலிகை கலந்த சப்ளிமெண்டுகளை மாரடைப்பு, பக்கவாதம், மரணங்களுக்குப் பிறகு அமெரிக்கா 2004இல் தடை செய்தது. அந்த இடத்துக்கு வந்தது கசப்பு ஆரஞ்சு. அதிலுள்ள சினெஃப்ரின் அமைப்பில் எபெட்ரினுக்கு நெருங்கிய உறவு. மரப்பட்டையிலிருந்து வரும் யோஹிம்பின் ரத்த அழுத்தத்தையும் பதற்றத்தையும் ஏற்றும். டிஎம்ஏஏ என்ற ஊக்கிப் பொருளை மெத்தில்ஹெக்ஸனமைன், ஜெரேனியம் சாறு என்றும் எழுதுவார்கள், எந்தப் பெயர் கண்டாலும் கீழே வைத்துவிடுங்கள். இவை ரத்தக் குழாய்களைச் சுருக்கும். கூடவே காஃபின் இதயத்தை விரட்டும். குறுகிய குழாயில் வேகமாகத் தள்ள வேண்டிய பாடு இதயத்துக்கு.

'புரொப்ரைட்டரி பிளெண்ட்' (கம்பெனியின் சொந்தக் கலவை) என்று போட்டு மொத்த எடையை மட்டும் அச்சிட்டிருந்தால், எதில் எவ்வளவு என்று உங்களால் கூட்டவே முடியாது. நான் அதை வீட்டுக்குள் விடமாட்டேன்.

லேபிளில் இல்லாததும் உள்ளே இருக்கலாம். இதுதான் எனக்குப் பெரிய பயம். சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து, மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடியதால் 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் பிறகும் 'முழுக்க மூலிகை' என்று விற்ற பல பொருள்களில் சோதனைகள் அதைக் கண்டுபிடித்திருக்கின்றன. மூலிகை என்று வாங்கியது ஓரிரு நாளில் பசியை அறவே கொன்று, வாயை வறளவைத்து, தூக்கத்தையும் கெடுத்தால் சந்தேகப்படுங்கள்.

ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, தைராய்டு, பதற்ற நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் இந்தப் பக்கமே போக வேண்டாம். மனச்சோர்வு மருந்தோ, சூடோஎபெட்ரின் (மூக்கடைப்பு மருந்து) உள்ள சளி மாத்திரையோ எடுப்பவர்களும்தான்.

ஏற்கெனவே விழுங்கி, படபடப்பு வந்துவிட்டதா? அடுத்த வேளையைப் போடாதீர்கள். காபி, டீயையும் நிறுத்துங்கள். உட்கார்ந்திருக்கும்போதே நாடி தணியாமல் ஓடினால் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல், திடீரென்று மண்டை பிளக்கும் வலி, ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல் இதில் ஒன்று வந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

போகும்போது டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். "மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா?" என்று அன்றிரவு கேட்டபோது என் தங்கை "இல்லை" என்றாள். பொய் சொல்லவில்லை, மூலிகையை அவள் மருந்தாகவே நினைக்கவில்லை. பக்கத்தில் நின்ற நான்தான் சொன்னேன். உங்களை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: பெயர் என்ன, எத்தனை போட்டேன், கடைசியாக எப்போது.