பிரசவ வலிக்கு அறிதுயிலும் தளர்வுப் பயிற்சியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரசவ வலியைத் தணிக்க அறிதுயிலையும் (ஹிப்னாசிஸ்) தளர்வுப் பயிற்சியையும் நாடுவோர் முதலில் விட்டுவிட வேண்டியது, வலியே தெரியாமல் குழந்தை பிறந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு. அறிதுயில் மயக்கமும் அல்ல, உறக்கமும் அல்ல. சுற்றிலும் நடப்பது தெரிந்திருக்கும்போதே கவனம் ஒன்றின்மேல் ஆழமாகக் குவிந்து, சொல்லப்படும் கருத்தை மனம் எளிதில் ஏற்கும் நிலை அது. 1997-இல் பியர் ரேன்வில்லும் அவருடைய சக ஆய்வாளர்களும், அறிதுயிலில் இருந்தவர்களின் கையைச் சுடுநீரில் அமிழ்த்தி மூளையைப் படம் பிடித்தார்கள். துன்பம் கூடுகிறது அல்லது குறைகிறது என்று சொல்லச் சொல்ல, அந்தத் துன்ப உணர்வோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் இயக்கம் மாறியதே தவிர, வலியைப் புலனுணர்வாகப் பதிவு செய்யும் பகுதியில் அத்தகைய மாற்றம் தெரியவில்லை. ஆகவே கருப்பை சுருங்குவதை உடல் உணரத்தான் செய்யும். அதனோடு வரும் அச்சமும் தத்தளிப்பும் தணியக்கூடும் என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

பிரசவத்தில் நடந்த ஆய்வுகளும் இதையொட்டியே அமைந்துள்ளன. மருத்துவச் சோதனைகளின் முடிவுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 2,954 பெண்கள் பங்கேற்ற 9 சோதனைகளை ஒருசேர ஆராய்ந்தது. அறிதுயில் பயின்றவர்களிடையே வலிநிவாரணிகளின் மொத்தப் பயன்பாடு குறைந்திருக்கலாம் என்று தெரிந்தாலும், முதுகுவழியே செலுத்தப்படும் எபிடியூரல் மருந்தின் பயன்பாட்டில் தெளிவான வேறுபாடு இல்லை. முதல் பிரசவத்தை எதிர்நோக்கியிருந்த 680 பெண்களிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான சோதனையிலும், எபிடியூரல் பெற்றோர் அறிதுயில் குழுவில் 27.9 விழுக்காடு, மற்றக் குழுவில் 30.3 விழுக்காடு என ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தனர். ஆனால் முன்கூட்டி நினைத்திருந்ததைவிடப் பயமும் பதற்றமும் குறைவாகவே இருந்ததாகச் சொன்னவர்கள் அறிதுயில் குழுவினரே. இது சிறிய பலன் அல்ல. இதை விட்டுவிட்டு, வலியில்லாப் பிரசவத்துக்கு உறுதி கொடுக்கும் பயிற்சியாளரை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

வலி எடுத்த பிறகு ஒலிப்பதிவை முதன்முறையாகக் கேட்கத் தொடங்குவது அடுத்த தவறு. மேற்சொன்ன பிரிட்டன் சோதனையில் 32-ஆம் வாரத்திலும் 35-ஆம் வாரத்திலும் வகுப்பு நடத்தி, வீட்டில் நாள்தோறும் கேட்டுப் பழக ஒலிப்பதிவையும் கொடுத்தார்கள். பல வாரப் பழக்கம் இருந்தால்தான், ஒரு சொல்லோ தொடுகையோ கிடைத்த உடனே உடல் தானாகத் தளரும். அமைதியான அறையில் மட்டும் பழகுவதும் போதாது; பிரசவ அறையில் வெளிச்சமும் பேச்சும் கருவிகளின் ஒலியும் இருக்கும் என்பதால், நின்றும் நடந்தும் சாய்ந்தும் சத்தத்தின் நடுவிலும் பழக வேண்டும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் மல்லாந்து படுத்துப் பயிற்சி செய்தால் கருப்பையின் எடை பெரிய இரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கலாம். பக்கவாட்டில் படுப்பதோ சாய்ந்து அமர்வதோ நல்லது. வாகனம் ஓட்டும்போது இந்த ஒலிப்பதிவுகளைக் கேட்கவே கூடாது.

மூச்சுப் பயிற்சியில் பலர் செய்யும் பிழை, 'ஆழமாக' என்பதை 'வேகமாக' என்று எடுத்துக்கொள்வது. பெருமூச்சுகளை விரைவாக விட்டுக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல்களிலும் உதடுகளிலும் மரமரப்பும் கிறுகிறுப்பும் வரும். அதைக் கண்டு பயம் கூடினால் மூச்சு இன்னும் வேகமாகும். உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருக்கட்டும். அப்போது தாடையும் தோள்களும் கைவிரல்களும் தளர்ந்திருக்கின்றனவா என்று உடனிருப்பவர் மெல்லத் தொட்டுப் பார்த்துச் சொல்லலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, எச்சரிக்கை அறிகுறிகளையும் மூச்சால் கடந்துவிட முயல்வது. இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல், கடுமையான தலைவலியோடு பார்வை மங்குதல், காய்ச்சல், பனிக்குட நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வெளியேறுதல், விட்டுவிட்டு வராமல் இடைவிடாது நீடிக்கும் வயிற்றுவலி, 37 வாரங்களுக்கு முன்பே வலி தொடங்குதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனையை அணுக வேண்டும். 'என் உடலில் எழும் ஒவ்வோர் உணர்வும் நல்லதே' என்பது போன்ற வாசகங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். 'கவனிக்க வேண்டியது எதுவானாலும் உடனே கண் திறந்து சொல்வேன்' என்ற வாசகத்தைப் பயிற்சியிலேயே சேர்த்துக்கொள்வது பாதுகாப்பானது. இதையொட்டி இன்னொன்று: கண்மூடி அமைதியாக இருக்கும் பெண்ணுக்குப் பிரசவம் இன்னும் நெருங்கவில்லை என்று செவிலியர் எண்ணிவிடக்கூடும். தாம் அறிதுயில் முறையைப் பின்பற்றுவதாக முன்கூட்டியே அவர்களிடம் தெரிவிப்பதோடு, கீழ்நோக்கிய அழுத்தமோ முக்க வேண்டும் என்ற உந்துதலோ தோன்றினால் அதை வாய்விட்டுச் சொல்வதும் அவசியம்.

கடந்தகால வன்முறையாலோ முந்தைய பிரசவத்தாலோ மனம் காயப்பட்டவர்களுக்கு, ஆழ்ந்த தளர்வின்போது அந்த நினைவுகள் மேலெழக்கூடும். அவர்களும், மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய்க்கு ஆளானவர்களும், பொதுவான ஒலிப்பதிவுகளைத் தாமாகத் தொடங்காமல், மகப்பேறு மருத்துவரையும் மனநல மருத்துவரையும் கலந்துகொள்ள வேண்டும்.

வலிநிவாரணி கேட்பதைத் தோல்வியாகக் கருதுவதும், 'இவ்வளவு நாள் பழகினாயே, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்' என்று உடனிருப்பவர் வற்புறுத்துவதும் அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி. அறிதுயிலுக்கு ஆட்படும் இயல்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். பிரசவமும் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. மருந்தை ஏற்றுக்கொண்டாலும் பயிற்சி வீணாவதில்லை: எபிடியூரல் ஊசி போடும்போது வலி வந்தாலும் அசையாமல் வளைந்து அமர்ந்திருக்கவும், அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் விழிப்போடு படுத்திருக்கும் நேரத்தில் படபடப்பைத் தணித்துக்கொள்ளவும் அதே நிதானமான மூச்சு கைகொடுக்கும்.