இரண்டாம் வகுப்புக்கு ஒரு வாரம் எப்படிப் போக வேண்டும்

முதல் முறையாக ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ கையில் கிடைத்திருக்கிற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன், கீழே சொல்வதெல்லாம் அந்த ஓர் அறையில் செய்து பார்த்தது. 2022-இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாகக் கற்றல் நிலை பிரிப்பதற்கும் பயிற்சி நூலுக்கும் குறைவில்லை. ஆனால் இன்றைக்கு என்ன கிழமை, அடுத்து என்ன வேலை என்பது பிள்ளைகளுக்கே தெரிந்திருக்க வேண்டும், அதை நாம்தான் பழக்க வேண்டும். தெரிந்துவிட்டால் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள், தாமாகவே நோட்டை எடுத்துவிடுவார்கள்.

தினமும் காலை ஒரே மாதிரி தொடங்குங்கள். பழைய நோட்டு அட்டையை வெட்டி ஆளுக்கு ஒரு பெயர் அட்டை. அப்புறம் இரண்டு பெட்டி, ஒன்றில் வீடு, இன்னொன்றில் பள்ளி என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் ஜன்னல் திண்டில் வையுங்கள். காலை உணவு சாப்பிட்டுக் கை கழுவி உள்ளே வருகிற பிள்ளை தன் அட்டையைத் தேடி எடுத்துப் பள்ளிப் பெட்டியில் போட வேண்டும். எழுத்தே தெரியாத பிள்ளைகூடத் தன் பெயரைக் கண்டுபிடித்துவிடும், கொஞ்ச நாளில் பக்கத்தில் உட்காருகிறவர் பெயரும் பிடிபட்டுவிடும். எல்லோரும் வந்ததும் ஒரு பிள்ளை எழுந்து போய் வீட்டுப் பெட்டியில் மிச்சம் இருப்பதை எண்ண வேண்டும். மொத்தம் 23, வராதவர் 4, வந்தவர் எத்தனை? கழித்தல் கணக்கு இப்படித் தினமும் அவர்கள் கையிலேயே நடக்கிறது.

திங்கட்கிழமை புதுப் பாடம் வேண்டாம். இரண்டு நாள் லீவில் பாதி மறந்துபோயிருக்கும், மனசும் இன்னும் வீட்டில்தான் இருக்கும். பேச விடுங்கள். யார் வீட்டுக்குப் போனார்கள், பாலாற்றில் தண்ணீர் வந்ததா, எதுவாக இருந்தாலும் சரி. பேசியதில் இருந்து ஐந்து வார்த்தைகளைக் கரும்பலகையில் எழுதுங்கள், அந்த வாரத்தின் சொல்வதை எழுதுதல் அந்த ஐந்துதான்.

செவ்வாயும் புதனும்தான் புதுசு சொல்லிக்கொடுக்கிற நாள். கணக்குக்கு எங்கள் பக்கத்தில் சுலபமாகக் கிடைப்பது தீக்குச்சி, மருந்து வைக்காத வெறுங்குச்சி. பத்து பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போடுவதை நீங்கள் செய்யாதீர்கள், பிள்ளைகள்தான் செய்ய வேண்டும். முப்பத்து நான்கு எழுதச் சொன்னால் 304 என்று எழுதுகிற பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். மூன்று கட்டும் நான்கு தனிக்குச்சியும் முன்னால் வைத்து, கட்டு எத்தனை, தனி எத்தனை என்று கேளுங்கள், அடிக்காமல் திட்டாமல் அதுவே 34 என்று திருத்திக்கொள்ளும். தொண்ணூறில் மட்டும் கூடுதலாக இரண்டு நாள் நில்லுங்கள். இருபது முதல் எண்பது வரை பெயரில் பத்து கேட்கிறது, தொண்ணூறில் நூறு கேட்கிறது. 89-க்குப் பிறகு பிள்ளை திணறுவதற்குக் காரணம் அந்தப் பெயர்தான். ஒன்பது கட்டை அடுக்கிக் காட்டாமல் அதைத் தாண்டாதீர்கள்.

புதன்கிழமை தமிழில் நான் விடாமல் செய்வது ஒன்று. "மாட்ட இஸ்துகினு வந்தான்" என்று ஒரு பையன் எழுதிக்கொண்டு வந்தான். தப்பு என்று கோடு போட எனக்குக் கை வரவில்லை, ஏனென்றால் அவன் தானாக எழுதிய முதல் முழு வாக்கியம் அது. நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு இடப்பக்கம் வீட்டுப் பேச்சு, வலப்பக்கம் புத்தகப் பேச்சு என்று பிரித்தோம். இஸ்துகினு, இழுத்துக்கொண்டு. குந்து, உட்கார். இப்போது வாரம் நாலைந்து சொல் சேர்கிறது. வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிற பிள்ளைகள் இங்கே நிறைய, அவர்களும் இடப்பக்கத்தில் தங்கள் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவார்கள். வெட்கம் போய்விட்டால் வலப்பக்கம் தானாக நிரம்பும்.

வியாழன் இரண்டு இரண்டு பேராக வாசிப்பு, கணக்குப் பயிற்சி. மலர் பிள்ளையை அரும்பு பிள்ளையோடு உட்கார வைக்கும்போது, சொல்லிக்கொடுப்பது எப்படி என்று மலர் பிள்ளைக்கு முதலில் நீங்கள் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே முழுதும் வாசித்துவிடும். வெயில் காலத்தில் இந்த வேலைகளை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். வேலூர் வெயிலில் இரண்டு மணிக்கு மேல் கதையும் படமும்தான் ஓடும்.

வெள்ளிக்கிழமை அந்த ஐந்து வார்த்தை, ஐந்து கணக்கு. மதிப்பெண் போடாதீர்கள், யாருக்கு எது வரவில்லை என்று உங்கள் நோட்டில் குறித்துக்கொண்டால் போதும். வீட்டுப்பாடமாக எழுத்து வேலை கொடுக்க மாட்டேன். அம்மா ஷூ கம்பெனியில் இருந்து வர இருட்டிவிடும், அல்லது வீட்டிலேயே பீடி சுற்றிக்கொண்டிருப்பார், பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைக்க யாருக்கும் நேரம் இல்லை. அதற்குப் பதில் வீட்டில் பாட்டியிடம் கேட்டு வர ஒரு கேள்வி. "ஆயா சின்ன வயசில் என்ன விளையாடினாங்க?" திங்கட்கிழமை பேச்சு அந்தப் பதிலில் இருந்து தொடங்கும்.

ஆடிக் கிருத்திகை மாதிரி நடுவில் லீவு வந்தால் வாரத்தை நெருக்கிப் பிடிக்காதீர்கள், வியாழன் வேலையை விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமையே லீவு என்றால் கேள்வியை வியாழன் மாலையே கொடுத்து அனுப்புங்கள்.