செரோடோனின் மாத்திரை சாப்பிடறவங்க மலையில புரோலாக்டின், கார்டிசால் டெஸ்ட் எடுக்கறது எப்படி

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் மாதிரி, மூளைல செரோடோனின்ங்கற ரசாயனத்தோட வேலையைக் கூட்டற மனச்சோர்வு, பதட்ட மாத்திரை ஓடிட்டு இருக்கும்போது டாக்டர் புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்க வைக்கற ஹார்மோன்), கார்டிசால் (மன அழுத்தத்துல ஏறற ஹார்மோன்)னு ரத்த டெஸ்ட் எழுதிக் குடுத்தா ஒன்னு தெரிஞ்சுக்கோங்க, இந்த ரெண்டு ஹார்மோனையும் சுரக்க வைக்கறதுல செரோடோனினுக்கும் பங்கு இருக்கு, அந்த செரோடோனினே சீசனுக்கு சீசன் மாறும். அதனால ஜூலை ரிப்போர்ட்டையும் பிப்ரவரி ரிப்போர்ட்டையும் பக்கத்துல வச்சு மாத்திரை ஒத்துக்கலனு நீங்களா முடிவு பண்ணாதீங்க.

2002ல வந்த மெல்போர்ன் ஆராய்ச்சில 101 ஆம்பளைங்களுக்கு கழுத்து ரத்தக்குழாய்ல இருந்து ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. மூளைல செரோடோனின் உற்பத்தி குளிர்காலத்துல தான் ரொம்ப கம்மி, அன்னிக்கு எவ்ளோ நேரம் நல்ல வெயில் அடிச்சுதோ அதுக்கேத்த மாதிரி ஏறிச்சு.

இதை அப்படியே நம்ம நீலகிரி மலைக்கு வச்சுப் பாக்காதீங்க. ஊட்டில ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஒன்னேகால் மணி நேரம் கிட்ட தான் வித்தியாசம். ஜனவரில புல்லு மேல உறைபனி வெள்ளையா கெடக்கும், ஆனா ஒம்பது மணிக்கெல்லாம் கண்ணு கூசற வெயில். கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் ஜூன் கடைசில ஆரம்பிச்சா நாள் கணக்கா மேகம் தான், குன்னூர் கோத்தகிரிக்கு அந்த மூட்டம் அக்டோபர் நவம்பர்ல வரும். அதனால மாசத்தை நம்பாம, டெஸ்டுக்கு முந்தின ரெண்டு வாரம் வெயில் இருந்துச்சா, நீங்க அதுல வெளிய நின்னீங்களானு ஒரு நோட்டுல குறிச்சு வைங்க, பக்கத்துலயே மாத்திரை டோஸ், சாப்பிட்ட நேரம், பொண்ணுங்கன்னா பீரியட்ஸ் தேதி.

நேரம் தான் ரொம்ப முக்கியம். தூக்கத்துல புரோலாக்டின் ஏறி நிக்கும், எந்திரிச்சு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு தான் எறங்கும், கார்டிசாலுக்கோ காலைல எட்டு மணி வாக்குல எடுக்கணும். அஞ்சரைக்கு எந்திரிச்சு எட்டு மணிக்கு ரத்தம் குடுத்தா ரெண்டுக்கும் சரியா வரும். ஒவ்வொரு தடவையும் அதே லேப், அதே நேரம். பஸ்ஸ விட்டு எறங்கி மூச்சு வாங்க ஓடிப்போய் கைய நீட்டாதீங்க, அரை மணி நேரம் உக்காருங்க, பதட்டத்துலயே ரெண்டும் ஏறிடும்.

அடுத்தது, கொண்டை ஊசி வளைவுக்கு பயந்து வாந்தி மாத்திரை போட்டுக்கறவங்க கவனிங்க. வாந்திக்கு குடுக்கற டாம்பெரிடோன்ங்கற மருந்து புரோலாக்டினை நல்லாவே ஏத்தி விட்டுடும், எஸ்சிட்டலோபிராமை விட அதிகமாவே. கேஸ் மாத்திரைனு சாப்பிடற பான்டோபிரசோல் கேப்ஸ்யூல்லயும் பல சமயம் அது சேர்ந்தே இருக்கும், அட்டைய திருப்பிப் பாருங்க. இருந்தா டாக்டர்கிட்ட சொல்லி சில நாள் முன்னாடியே நிறுத்திக்கோங்க. மனநல மாத்திரைய மட்டும் டெஸ்டுக்காக நீங்களா நிறுத்தவே கூடாது, தலை சுத்தல், தூக்கமின்மை, பழைய கஷ்டம் எல்லாம் திரும்பி வரலாம்.

புரோலாக்டின் கொஞ்சம் அதிகமா வந்தா உடனே ஸ்கேனுக்கு ஓட வேணாம். தைராய்டு குறைஞ்சாலும் அது ஏறும், அதனால டிஎஸ்ஹெச்ங்கற தைராய்டு டெஸ்ட் பாத்தாச்சானு டாக்டர்கிட்ட கேளுங்க, நோட்டைக் காட்டுங்க, இதே மாதிரி இன்னொரு காலைல திரும்ப எடுத்துப் பாக்கலாமா, மேக்ரோபுரோலாக்டின் (ரிப்போர்ட்ல அளவை ஏத்திக் காட்டற, பெரும்பாலும் தொந்தரவு பண்ணாத பெரிய வடிவ புரோலாக்டின்) பாக்கணுமானு கேளுங்க.