தயிரும் பழைய சோறும்: எங்கே தவறுகிறோம்?

காலை ஏழரை மணிக்கு எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். குக்கரைத் திறந்த கையோடு, ஆவி பறக்கும் சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து பிள்ளையின் டப்பாவில் அடைத்துவிடுகிறோம். வயிற்றுக்கு நல்லது என்று நம்பித்தான் செய்கிறோம். ஆனால் பாலைத் தயிராக்கிய லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் 60 டிகிரியைத் தாண்டினாலே மடியத் தொடங்கிவிடும். குக்கர் சோறு அதைவிட எவ்வளவோ சூடானது. புரதமும் கால்சியமும் டப்பாவுக்குப் போய்ச் சேரும். எந்த உயிர்களுக்காகத் தயிரைச் சேர்த்தோமோ, அவற்றில் பெரும்பகுதி வழியிலேயே முடிந்துபோகும்.

என் பாட்டி சோற்றைக் குழைய மசித்து, காய்ச்சிய பாலை ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுவார். அதன் பிறகுதான் ஒரு கரண்டி தயிர். மதியம் டப்பாவைத் திறக்கும்போது பால் தயிராகியிருக்கும், புளிப்பும் ஏறியிருக்காது. அவசரத்தில் நாம் கைவிட்டது அந்த ஆறவிடும் நேரத்தைத்தான்.

இட்லியை ‘புரோபயாட்டிக்’, அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியா நிறைந்த உணவு, என்று சொல்வதும் இதே குழப்பம்தான். மாவைப் பொங்க வைக்கும் பாக்டீரியாக்கள் இட்லிப் பானையின் ஆவியில் பிழைப்பதில்லை. அதனால் இட்லியின் மதிப்பு குறைந்துவிடாது. மாவு புளிக்கும்போது, தாதுக்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. இரும்பும் துத்தநாகமும் உடலில் எளிதாகச் சேர்கின்றன. அந்த நன்மைக்காகச் சாப்பிடுவோம். உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் மோரைத் தேடுவோம். கொதித்த மோர்க்குழம்பில் அது கிடைக்காது.

பழைய சோற்றில்தான் தவறுகள் அதிகம், அவற்றில் ஒன்று ஆபத்தானதும்கூட. மதியம் வடித்த சோற்றை இரவுவரை வெளியே அப்படியே வைத்திருந்து, மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே சோறு ஆறியதும் தாமதிக்காமல் நீர் ஊற்றி மூடிவிட வேண்டும். நீரில் புளிப்பு ஏற ஏற, கெடுக்கும் கிருமிகளுக்கு இடம் குறையும். காலையில் இதமான புளித்த மணம் வந்தால் சரி. நூல் நூலாக வழிந்தாலோ அழுகல் வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

நீராகாரத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுச் சோற்றை மட்டும் பிழிந்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது. நீரில் கரையும் பி வைட்டமின்களும் லாக்டிக் அமிலமும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கின்றன. இன்னும் சிலர் ஊற வைத்ததுமே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். அந்தக் குளிரில் சோறு சரியாகப் புளிக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு வேறு. பாக்டீரியாவை விழுங்குகிறோம், ஆனால் ஏற்கெனவே குடலில் குடியிருப்பவற்றுக்குச் சாப்பாடு போடுவதில்லை. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள இனுலின் என்ற நார்ச்சத்து, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு போன்றவற்றின் நார், ஆறிய சோற்றில் உருவாகும் செரிக்காத மாவுச்சத்து ஆகியவைதான் அவற்றின் உணவு. இவற்றை உண்டு அந்த பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம், பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள். 1995-இல் கிப்சன், ராபர்ஃப்ராய்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வகை உணவுக்கு ‘பிரீபயாட்டிக்’ என்று பெயரிட்டார்கள். விலை உயர்ந்த புரோபயாட்டிக் பானம் வாங்குகிறவர்கள் அதே கடையில் கால் கிலோ பயறும் வாங்கலாம். பானத்தின் லேபிளில் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள்.

ஆர்வத்தில் ஒரே நாளில் கிண்ணம் கிண்ணமாகச் சுண்டல் சாப்பிட வேண்டாம். வயிறு உப்பி, வாயு பிரிந்து, மூன்றாம் நாளே வெறுத்துவிடும். ஒரு கைப்பிடியில் தொடங்கி, சில வாரங்களில் கூட்டுங்கள். தண்ணீரும் கூடவே வேண்டும்.

பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு வாணலியில் போடுங்கள். பூண்டின் காரமணத்துக்குக் காரணமான அல்லிசின் உருவாகச் சற்று நேரம் தேவை. மஞ்சள் பாலில் மிளகுத்தூள் அவசியம். மிளகிலுள்ள பைப்பரின், மஞ்சளின் குர்க்குமின் உடலில் சேர்வதைப் பல மடங்கு கூட்டுகிறது.

புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் பழைய சோற்றையோ புரோபயாட்டிக் மாத்திரையையோ தாமாகத் தொடங்கக் கூடாது. நோய் எதிர்ப்பு குறைந்த உடலில், நல்ல பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து தொற்றாக மாறலாம். அவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.