ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: குடியும் போனும் ஸ்டியரிங்கும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வந்து இறங்கியவர்களில் பலர் முதல் வருடத்துக்குள்ளேயே கார் ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ இருந்துகொண்டு, பனிக்காலத்தில் இரவு ஷிஃப்டுக்குப் போய்வரக் கார் இல்லாமல் கஷ்டம்தான். பார்க்கிங்கும் லேன் மாற்றுவதும் சொல்லித்தர ஆள் இருக்கிறது. குடியையும் கைபேசியையும் பற்றிய சட்டத்தை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அந்தச் சட்டம் புதிதாக வந்தவர்கள்மேல்தான் மிகக் கடுமையாக விழுகிறது.

"ஒரு பியர் குடித்தால் பரவாயில்லை, 0.08 வரை விடுவார்கள்" என்று விழாக்களில் யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். 0.08, அதாவது 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் அற்ககோல் என்பது குற்றவியல் வழக்குக்கான அளவு. முழு ஜீ லைசன்ஸ் உள்ளவருக்கே 0.05இலிருந்து மாகாணத் தண்டனை தொடங்கிவிடும். ஜீ1 (பழகுநர்), ஜீ2 (இடைநிலை) லைசன்ஸ் வைத்திருப்பவருக்கு அளவு பூச்சியம். கஞ்சாவுக்கும் அதேதான், கடையில் சட்டப்படி விற்கிறார்கள் என்பது இதை மாற்றாது. ஊரில் இருபது வருடம் லொறி ஓட்டியவராக இருந்தாலும், ஐம்பது வயதானாலும், கையில் இருப்பது ஜீ2 என்றால் ஒரு வாய்கூடக் குடித்துவிட்டு ஓட்ட முடியாது.

"நான் குடிக்கிறேன், மனைவி ஓட்டட்டும்" என்பது நல்ல ஏற்பாடுதான், மனைவியிடம் ஜீ2 அல்லது ஜீ இருந்தால். அவரிடம் ஜீ1 மட்டும் இருந்தால் சரிவராது. ஜீ1 சாரதிக்குப் பக்கத்தில் குறைந்தது நான்கு வருட அனுபவமுள்ள முழு லைசன்ஸ்காரர் இருக்க வேண்டும், அவருடைய இரத்தத்திலும் 0.05ஐ விடக் குறைவாகவே இருக்க வேண்டும். நள்ளிரவிலிருந்து காலை ஐந்து மணிவரை ஜீ1 உள்ளவர் ஓட்டவே கூடாது. 401 ஹைவேயிலும் ஏறக்கூடாது. கலியாண ஹோலில் இருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்படும் குடும்பத்துக்கு ஜீ1 சாரதி உதவ மாட்டார்.

வீதியில் வரிசையாகக் கார்களை மறித்துச் சோதிப்பதை 'ரைட்' என்பார்கள். 1977இல் எற்றோபிக்கோவில் தொடங்கியது. மார்கழி மாதம் முழுக்க எங்கும் பார்க்கலாம். 2018 டிசம்பரில் இருந்து, சட்டப்படி மறித்த எந்தச் சாரதியையும் சந்தேகம் எதுவும் இல்லாமலே பொலிஸ் ஊதச் சொல்லலாம். முதலில் வக்கீலோடு கதைக்கிறேன் என்று அந்த இடத்தில் கேட்க முடியாது. மறுத்தால் அதுவே குற்றம். குறைந்தபட்ச அபராதம் 2,000 டொலர். ஊதி 0.08 அல்லது அதற்கு மேல் வந்தால் 90 நாட்களுக்கு லைசன்ஸ் போய்விடும், காரை ஏழு நாட்களுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். மச்சானிடம் இரவல் வாங்கிய கார் என்றாலும் போகும்.

அபராதத்தைவிட எனக்குப் பயமாக இருப்பது குடிவரவு. அதே 2018 டிசம்பரில் குடித்து ஓட்டுவதற்கான உச்ச தண்டனை பத்து வருடச் சிறையாக உயர்ந்தது. அதனால் குடிவரவுச் சட்டத்தில் அது 'பாரதூரமான குற்றம்' ஆகிவிட்டது. பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) உள்ளவர் 1,000 டொலர் அபராதத்தோடு தப்பினாலும் நாட்டைவிட்டு அனுப்பும் நடவடிக்கைக்கு ஆளாகலாம். குடியுரிமை பெற்றவருக்கு இந்த ஆபத்து இல்லை, உங்களுக்கு இருக்கிறது. எவர் மேலாவது வழக்குப் பதிவானால், குற்றத்தை ஒப்புக்கொள்ள முன் குடிவரவு தெரிந்த வக்கீலையும் கட்டாயம் பாருங்கள்.

எங்கள் விழாக்களில் ஹோலுக்கு வெளியே, காரின் டிக்கியைத் திறந்து வைத்துக் குடிக்கும் பழக்கம் இருக்கிறது. பிறகு குளிருகிறது என்று சாரதி இருக்கையில் ஏறி ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். கார் ஓடாவிட்டாலும் அது 'வாகனத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல்' என்ற வழக்காகலாம். கோப்பி, குளிர்ந்த தண்ணீர், வயிறு நிறையக் கொத்து ரொட்டி எதுவும் வெறியை இறக்காது. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். வீட்டில் இருந்து வெளிக்கிடும்போதே யார் திரும்ப ஓட்டுவது என்று முடிவெடுங்கள். முடியாவிட்டால் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ரொறன்ரோ நகரப் போக்குவரத்துச் சேவையான ரீரீசியின் இரவு பஸ்கள் முக்கிய வீதிகளில் ஓடுகின்றன. ஊபர் காசு இழுவை வண்டிக் காசை விடக் குறைவு.

கைபேசிக்கு வருவோம். கையில் பிடித்தாலே குற்றம்தான். சிவப்பு விளக்கில் நிற்கும்போது வட்ஸ்அப் பார்த்தாலும் ஒன்றுதான். முழு லைசன்ஸ்காரருக்கு முதல் தடவை 615 டொலரில் இருந்து ஆயிரம் வரை, மூன்று டிமெரிற் புள்ளிகள் (சாரதியின் பதிவில் சேரும் குற்றப் புள்ளிகள்), மூன்று நாள் லைசன்ஸ் தடை. ஜீ1, ஜீ2 உள்ளவருக்குப் புள்ளி இல்லை, ஆனால் லைசன்ஸ் 30 நாட்களுக்குப் போய்விடும். டெலிவரி ஓட்டிப் பிழைப்பவருக்கு ஒரு மாத வருமானம். போனை ஸ்டாண்டில் மாட்டி, புறப்பட முன்னரே முகவரியைப் போட்டுவிடுங்கள். ஊரிலிருந்து அம்மாவின் அழைப்பு வந்தால், அடுத்த பிளாசாவுக்குள் நிறுத்திவிட்டு எடுங்கள்.

ஓட்டும்போது போனைக் கையில் எடுக்க அனுமதியுள்ள ஒரு அழைப்பு, அவசர இலக்கமான 911. முன்னால் போகும் கார் லேன் மாறி மாறித் தடுமாறினால் தயங்காமல் 911ஐ அழையுங்கள். எந்த வீதி, எந்தத் திசை, காரின் நிறம், முடிந்தால் இலக்கத் தகடு, இவ்வளவும் சொன்னால் போதும். பின்னால் துரத்திப் போக வேண்டாம். ஆங்கிலம் வரவில்லை என்றால் தமிழ் என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.