ஆற்றோரக் கிராவல் குவாரி: வடிகால், கரை அரிப்பு மீறல்களை அளந்து மனு எழுதுவது எப்படி

‘கிராவல் குவாரியால் ஆறு பாழாகிறது’ என்று மட்டும் எழுதிய மனு, ‘ஆய்வு செய்யப்படும்’ என்ற பதிலோடு நின்றுவிடும். அனுமதி ஆணையின் எந்த நிபந்தனை, எந்த இடத்தில், எவ்வளவு மீறப்பட்டது என்று எழுதினால் அதிகாரி நேரில் வந்து அளந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், அதாவது செப்டம்பர் முடிவதற்குள், முதல் சுற்று அளவீட்டை முடித்துவிடுங்கள். மழைக்கு முந்தைய அளவு கையில் இல்லாவிட்டால், கரை இந்த ஆண்டு அரித்ததா, முன்பே அப்படித்தான் இருந்ததா என்று நிறுவ முடியாது.

முதலில் காகிதங்கள். குவாரியின் சர்வே எண்ணை வைத்து, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் சுற்றுச்சூழல் அனுமதி ஆணையைத் தேடுங்கள். தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 27-ல் அளித்த உத்தரவுக்குப் பிறகு, 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிம குவாரிக்கும் இந்த அனுமதி கட்டாயம். சுரங்கத் திட்டம், புலப்படம், நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததாகக் குவாரி தரப்பு தரும் அரையாண்டு இணக்க அறிக்கை ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. இணக்க அறிக்கையை ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தாக்கல் செய்ய வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான நிலவரம் ஜூன் அறிக்கையில்தான் வரும். மழைக்கால மீறலுக்கு அதையே கேட்டு வாங்குங்கள்.

ஆணையில் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: குவாரியைச் சுற்றி மழைநீர் வடிகாலும் வண்டல் படியும் தொட்டியும் அமைக்க வேண்டும், உச்ச மழையளவுக்கு மேல் 50 விழுக்காடு கூடுதல் கொள்ளளவு வேண்டும், பருவமழைக்குப் பின் தூர்வார வேண்டும். தொட்டி போதுமா என்று நீங்களே கணக்குப் போடலாம். 1 ஹெக்டேரில் ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்து, அதில் 60 விழுக்காடு ஓடி வந்தால் 300 கன மீட்டர், அதாவது நொடிக்கு சுமார் 83 லிட்டர். 0.02 மி.மீ. வண்டல் துகள் நொடிக்கு ஏறத்தாழ 0.4 மி.மீ. வேகத்தில்தான் கீழே இறங்கும். அது தொட்டியிலேயே தங்க சுமார் 200 சதுர மீட்டர் நீர்ப்பரப்பு வேண்டும். 25 மீட்டருக்கு 8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழத்தைக் கூட்டிப் பரப்பைக் குறைத்தால் துகள் படியாது. ஜேசிபியால் ஒரு குழி தோண்டிவிட்டு அதைத் தொட்டி என்று கணக்குக் காட்டும் இடங்களில் நடப்பது இதுதான். நுழைவாயும் வெளிவாயும் அருகருகே இருந்தாலும் தொட்டி வீண். கலங்கல் நீர் நேராகக் கடந்து போய்விடும்.

குத்தகைப் பகுதிக்குள் நுழையாதீர்கள். அத்துமீறல் வழக்கு உங்கள் மீதே திரும்பும். குவாரி நீர் ஓடையில் விழும் இடம் பெரும்பாலும் எல்லைக்கு வெளியேதான் இருக்கும். நல்ல மழை பெய்து கொண்டிருக்கும்போது மூன்று 1 லிட்டர் பாட்டில்களில் நீர் எடுங்கள்: சேரும் இடத்துக்கு மேலே, வெளிவாயில், சுமார் 100 மீட்டர் கீழே. தேதி, நேரம், ஜிபிஎஸ் குறித்து, அசைக்காமல் வைத்து, 1 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் அடியில் படிந்த வண்டலை ஸ்கேலோடு படம் எடுங்கள். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொது வரம்பு. உங்கள் பாட்டில் சட்டப்படியான மாதிரி ஆகாது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி எடுப்பதே செல்லும். ஆனால் அவரை வரவழைக்க உங்கள் படங்களே வலுவான காரணம்.

கரையில் அதிகக் கவனம் வேண்டும். ஆற்றுக்கும் குழிக்கும் நடுவே விட்டிருக்கும் மண் பட்டைதான் உயிர்நாடி. குழியின் தரை ஆற்றுப் படுகையைவிடத் தாழ்ந்திருந்தால், வெள்ளத்தில் அந்தப் பட்டை உடைந்து ஆறே குழிக்குள் இறங்கும். பிறகு படுகை மேல்நோக்கி அறுத்துக்கொண்டே போகும். மேலே உள்ள பாலத் தூணும் வாய்க்கால் தலைமதகும் அடிமண் இழக்கும். கரை விளிம்புக்கு இணையாக ஓடும் விரிசல், குழிச் சுவரில் கலங்கலாகக் கசியும் ஊற்று, சாய்ந்த பனை ஆகியவை முன்னறிகுறிகள். தெளிந்த கசிவைவிடக் கலங்கிய கசிவு ஆபத்து, மண் உள்ளிருந்தே கரைகிறது என்று பொருள். கரை மேல் விளிம்பிலிருந்து 5, 10 மீட்டர் தள்ளி இரும்புக் கம்பி அடித்து, ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் விளிம்பு வரை டேப்பால் அளந்து நோட்டில் எழுதுங்கள். விரிசல் விட்ட விளிம்பில் ஏறி நிற்க வேண்டாம்.

குழிச் சுவரையும் பாருங்கள். 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை, விதி 106-இன்படி கிராவல் போன்ற இளகிய மண்ணில் சரிவு 45 பாகைக்கு மேல் போகக் கூடாது. அல்லது படி உயரம் 1.5 மீட்டருக்குள், அகலம் உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். செங்குத்தாக நிற்கும் 5 மீட்டர் சுவருக்குச் சிறப்பு அனுமதி இருக்கிறதா என்று மனுவிலேயே கேளுங்கள்.

மனுவில் ஒவ்வொரு மீறலுக்கும் நிபந்தனை எண், அது சொல்வது, நீங்கள் கண்டது, படத்தின் எண் ஆகியவற்றை அடுத்தடுத்து எழுதுங்கள். ஆட்சியர், கனிமவளத் துறை உதவி இயக்குநர், மாசுக்கட்டுப்பாட்டு வாரிய மாவட்டப் பொறியாளர், நீர்வளத் துறை ஆகியோருக்குத் தனித்தனியே கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நடவடிக்கை இல்லாவிட்டால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் மனுவுக்கு, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதமே கெடு, தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். அதிகாரிகளின் பதிலுக்குக் காத்திருந்தே அந்த 6 மாதத்தைக் கழித்துவிடாதீர்கள்.