போனில் வரும் சளி மாத்திரை ஆர்டர்: மலைப்பகுதி மருந்துக்கடைகள் செய்ய வேண்டியது

கூடலூர், பந்தலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்கள் கடைக்குப் போன் செய்து, பஸ்ஸிலோ ஜீப்பிலோ மருந்து கொடுத்தனுப்பச் சொல்வது வழக்கம். மார்கழிக் குளிரில் அது நியாயமான தேவை. ஆனால் சளி மாத்திரைகளில் மூக்கடைப்புக்காகச் சேர்க்கப்படும் சூடோஎஃபிட்ரின் உள்ள மாத்திரைகள், அதிலிருந்து மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள் தயாரிப்பவர்கள் கைக்கு மொத்தமாகப் போய்ச் சேரவும் இதே வழி உதவும். இரண்டு மாநில எல்லைகள் பக்கத்தில் இருக்கும் ஊரில் கூடுதல் கவனம் வேண்டும்.

முதலில் ஸ்டாக்கைப் பிரியுங்கள். பிராண்ட் பெயரை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் சூடோஎஃபிட்ரின் உள்ளதும் வரும், இல்லாததும் வரும். அட்டையின் பின்புறம் படித்து, உள்ளதை மட்டும் பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

அடுத்து அளவு. பெரியவர்களுக்கு 60 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு மூன்று, நான்கு போதும். பத்து மாத்திரை அட்டை ஏறக்குறைய மூன்று நாள் வரும். அதற்கு மேலும் சளி விடவில்லை என்றால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே போன் ஆர்டருக்கு ஒரு நோயாளிக்கு 30 நாளில் ஓர் அட்டை என்று வரையறுங்கள். அமெரிக்காவில் கடையில் நேரில் வாங்க 30 நாளுக்கு 9 கிராம் வரை அனுமதி, தபாலில் வாங்க 7.5 கிராம்தான். முகம் தெரியாத விற்பனைக்கு வரம்பு குறைவாக இருப்பதே சரி.

நோட்டில் தேதி, நோயாளி பெயர், முகவரி, போன் எண், மருந்து, பேட்ச் எண், அளவு எழுதுங்கள். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். சாயங்காலம் ஞாபகத்திலிருந்து எழுதினால் இரண்டு ஆர்டராவது விட்டுப்போகும். போன் எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால், இரண்டு சிம் வைத்திருப்பவர் இரண்டு அட்டை வாங்கிவிடுவார். முகவரியையும் சேர்த்துத் தேடுங்கள்.

கோடீன் இருமல் சிரப், டிராமடால் வலி மாத்திரை இரண்டும் ஷெட்யூல் எச்1 மருந்துகள், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் விற்க வேண்டிய கூடுதல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. 2014 மார்ச் 1 முதல் இவற்றுக்குத் தனிப் பதிவேடு கட்டாயம், மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். போனில் கேட்டால் அனுப்பவே கூடாது. வாட்ஸ்அப்பில் வரும் சீட்டுப் படத்தை ஏற்காதீர்கள். ஒரே படம் ஐந்து கடைக்குப் போகலாம். அசல் சீட்டு வரட்டும், அதில் கடை முத்திரை, தேதி, கொடுத்த அளவு போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

போனில் "பிரஷர் இருக்கா? வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கட்டாயம் கேளுங்கள். சூடோஎஃபிட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் எப்படியும் கேட்க வேண்டிய கேள்வி இது. உண்மையான நோயாளி நின்று பதில் சொல்வார். பதில் சொல்லாமல் பெட்டிக் கணக்கில் கேட்பது, வேறொருவர் பெயரில் பணம் அனுப்புவது, வெளிமாவட்டத்துக்குக் கூரியர் கேட்பது எல்லாம் மறுக்க வேண்டிய ஆர்டர்கள். "ஸ்டாக் இல்லை" என்று சொல்லாதீர்கள், அவர் அடுத்த கடைக்குப் போவார். கடை விதி என்று சொல்லி மறுத்து, பக்கத்துக் கடைகளுக்கும் மருந்து ஆய்வாளருக்கும் தெரிவியுங்கள். 1933 என்ற போதைப்பொருள் தடுப்பு உதவி எண்ணும் உண்டு.

அனுப்பும் பொட்டலத்தை ஒட்டி, பில்லை மேலே வைத்து, வாங்க வேண்டியவர் பெயரைச் சொல்லி டிரைவரிடம் கொடுங்கள். அந்த ஆள் ஸ்டாப்பில் இல்லை என்றால், வேறு யாரிடமும் கொடுக்காமல் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.